தேடுபொறியின் உள்ளே – 7: எந்தப் புலத்தின் சாட்சி பெரிது?

சென்ற வாரம் தலைகீழ்ச் சுட்டியைப் பார்த்தோம். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அந்தச் சொல் வரும் ஆவணங்களின் பட்டியல் இருக்கும். தேடுபொறி புத்தகங்களைப் புரட்டுவதில்லை, இந்தப் பட்டியலைத்தான் புரட்டுகிறது. விளக்கத்துக்கு வசதியாக, ஓர் ஆவணத்தை ஒரே துண்டாக எடுத்துக்கொண்டோம். ஆனால் நூல்பட்டியலில் எந்தப் பதிவும் ஒரே துண்டாக இருப்பதில்லை. இந்த வாரம் அந்தத் துண்டுகளைப் பற்றிப் பேசுவோம்.

2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் ஈழத்து நூல் ஒன்றின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நூலக எண், ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்று ஓர் அட்டவணை இருக்கும். அதன் கீழே பல நூல்களுக்குப் பொருளடக்கத்தையும் யாரோ பொறுமையாகத் தட்டச்சு செய்து வைத்திருப்பார்கள். இந்த ஒவ்வொரு துண்டுக்கும் தேடல் துறையில் புலம் என்று பெயர். இப்படிப்பட்ட பதிவின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதை லூசீன் என்ற தேடல் நிரல்தொகுப்பின் வழிவந்த ஒரு தேடுபொறியில் ஏற்றி, மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் பற்றிய நூல்களைத் தேடினால் என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

லூசீனை டக் கட்டிங் 1999இல் எழுதினார். அதன்மேல் 2004இல் சோலரும் 2010இல் எலாஸ்டிக்சேர்ச்சும் எழுந்தன. உலகின் நூலகங்கள், கடைகள், செய்தித்தளங்கள் பலவற்றின் தேடுபெட்டிக்குப் பின்னால் இருப்பவை இவைதான். மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு சிறிய கணினியில் மாவட்ட நூலகம் ஒன்றின் முழுப் பட்டியலையும் ஏற்றிவிடலாம். கடினமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஒரே சொல், நான்கு வேலை

'மட்டக்களப்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மிய'த்தில் (1962) அது தலைப்பில் நிற்கிறது. வேறொரு கவிதைத் தொகுதியில் அது அச்சகம் இருந்த ஊர் மட்டுமே, வெளியீட்டாளர் புலத்தில் கிடக்கும். ஒரு கட்டுரைத் தொகுப்பில் பதினைந்து கட்டுரைகளில் ஒன்றின் தலைப்பில் வந்து, பொருளடக்கப் புலத்தில் இருக்கும். இன்னொரு நூலில் ஆசிரியரின் ஊர்ப்பெயராக அவர் பெயரோடு ஒட்டி வரும். தலைப்பில் வரும் சொல் 'இந்த நூல் இதைப் பற்றியது' என்று சாட்சி சொல்கிறது. வெளியீட்டாளர் புலத்தில் வரும் அதே சொல் 'இது இங்கே அச்சானது' என்று மட்டும் சொல்கிறது.

எல்லாப் புலங்களையும் ஒரே பையில் கொட்டி, எங்கே வந்தாலும் ஒரே மதிப்பு என்று தேடினால், மட்டக்களப்பில் அச்சான பாடசாலை மலர்கள் எல்லாம் மட்டக்களப்பைப் பற்றிய நூல்களோடு போட்டிக்கு வந்துவிடும். மறுபுறம், இந்த மண்ணில் பிறந்தவர்கள் எழுதிய பெரும் நூல்கள் எப்போதும் இங்கேயே அச்சானவை அல்ல. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக. வெளியீட்டு ஊரை நம்பித் தேடினால் அந்த நூல் தஞ்சாவூர்க் கணக்கில் போய்விடும்.

அந்தத் தலைப்பிலேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த நூலின் தலைப்புப் புலத்தில் 'யாழ்' என்றால் இசைக்கருவி. வெளியீட்டாளர் புலத்தில் 'யாழ்' என்றால் யாழ்ப்பாணம், 'யாழ் இலக்கிய வட்டம்' என்பதைப் போல. எழுத்தில் ஒரே சொல்தான். எது எந்தப் பொருள் என்று பிரித்துக் காட்ட அது இருக்கும் புலம் உதவும். புலங்களைத் தனித்தனியே வைத்திருப்பதால் கிடைக்கும் முதல் நன்மை இதுதான். பதிவு செய்யும்போது அவற்றைக் கலந்துவிட்டால், பிறகு எவ்வளவு திறமையான வினவல் எழுதினாலும் பிரித்தெடுக்க முடியாது.

கூட்டுவதா, உயர்ந்ததை எடுப்பதா?

தேடுபொறி ஒவ்வொரு புலத்துக்கும் தனித்தனியே புள்ளி போடுகிறது. கணக்கின் அடிப்படைகளில் இரண்டு மட்டும் இங்கே போதும். அரிய சொல்லுக்கு அதிகப் புள்ளி. இந்த எண்ணத்தை 1972இல் காரன் ஸ்பார்க் ஜோன்ஸ் வகுத்தளித்தார். குறுகிய புலத்தில் வரும் சொல்லுக்கு நீண்ட புலத்தில் வருவதைவிட அதிகப் புள்ளி. ஸ்டீபன் ராபர்ட்சனும் அவரோடு உழைத்தவர்களும் இவற்றைச் சேர்த்து உருவாக்கிய பிஎம்25 என்ற சூத்திரமே இன்று லூசீனின் இயல்பான கணக்கு. ஆனால் அந்தச் சூத்திரம் ஒரு புலத்துக்குத்தான் பதில் சொல்லும். நான்கு புலங்கள் நான்கு புள்ளி தந்தால் அவற்றை என்ன செய்வது என்பதை வினவல் எழுதுபவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

விளக்கத்துக்காக இரண்டு நூல்களை வைத்துக்கொள்வோம். முதல் நூலுக்குத் தலைப்பில் 6, பொருளடக்கத்தில் 2, வெளியீட்டாளரில் 1. இரண்டாம் நூலுக்கு மூன்று புலத்திலும் தலா 3. கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் 9, வேறுபாடே இல்லை. மிக உயர்ந்த புலத்தின் புள்ளியை மட்டும் எடுத்தால் முதலாவதுக்கு 6, இரண்டாவதுக்கு 3. தலைப்பில் உறுதியாகப் பேசும் நூல் மேலே வருகிறது. எலாஸ்டிக்சேர்ச்சில் இதற்கு பெஸ்ட் ஃபீல்ட்ஸ் என்று பெயர். சோலரில் இதே வேலையை டிஸ்மேக்ஸ் செய்கிறது.

உயர்ந்த புலத்தை மட்டும் எடுத்து மற்றவற்றை அடியோடு தள்ளுவதும் நியாயமில்லை. அதற்காகவே டை பிரேக்கர் என்ற எண் இருக்கிறது. அதை 0.3 என்று வைத்தால், மற்றப் புலங்களின் கூட்டுத்தொகையில் பத்தில் மூன்று பங்கு உயர்ந்த புள்ளியோடு சேரும். முதல் நூலுக்கு 6.9, இரண்டாவதுக்கு 4.8. தலைப்பு சமமாக உள்ள இரு நூல்களுக்கு இடையே பொருளடக்கம் தீர்ப்புச் சொல்ல இந்தச் சிறு பங்கு போதும். 'மரபுவழி நாடகங்கள்' போல ஒன்றாக நிற்க வேண்டிய சொற்களைத் தேடும்போது இந்த முறை நன்றாக வேலை செய்கிறது. சி. மௌனகுருவின் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' என்ற நூல் தலைப்பிலேயே அந்தச் சொற்களைத் தாங்கி நிற்கிறது.

சொற்கள் பிரிந்து கிடக்கும்போது

ஆனால் தேடுபவர் 'மௌனகுரு மட்டக்களப்பு நாடகங்கள்' என்று இட்டால்? முதல் சொல் ஆசிரியர் புலத்தில், மற்ற இரண்டும் தலைப்பில். மூன்று சொல்லும் ஒரே புலத்தில் இல்லை. 'எல்லாச் சொல்லும் வர வேண்டும்' என்ற நிபந்தனையோடு பெஸ்ட் ஃபீல்ட்ஸ் தேடினால், ஒவ்வொரு புலத்திலும் எல்லாச் சொல்லும் இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். எங்கும் இல்லை என்று சரியான நூலையே தள்ளிவிடும். 'விபுலாநந்தர் யாழ் நூல்' என்று தேடுபவருக்கும் இதே கதி.

இங்கேதான் கிராஸ் ஃபீல்ட்ஸ் என்ற மூன்றாவது வழி கைகொடுக்கிறது. அது புலம் புலமாகப் பார்க்காமல் சொல் சொல்லாகப் பார்க்கிறது. ஒவ்வொரு சொல்லும் ஏதாவது ஒரு புலத்தில் இருந்தால் போதும். எல்லாப் புலங்களையும் ஒரே பெரும் புலமாகப் பாவித்துக்கொள்கிறது. பெயரும் தலைப்பும் கலந்து தேடும் பழக்கமே நம்மிடம் அதிகம். ஆகவே நூல்பட்டியலுக்கு மிகவும் பொருந்தும் வழி இது.

இது தீர்க்கும் இன்னொரு நோயும் உண்டு. 'நடராசா' என்ற பெயர் ஆசிரியர் புலத்தில் அடிக்கடி வரும், தலைப்பில் அரிதாக வரும். அரிய சொல்லுக்கு அதிகப் புள்ளி என்ற விதியைப் புலம் புலமாகச் செலுத்தினால், நடராசா எழுதிய நூல்களைவிட, வேறொரு நடராசாவின் மறைவுக்கு வெளியிட்ட நினைவு மலர் முந்திக்கொள்ளும். காரணம், தலைப்பில் அந்தப் பெயர் அரிது. ஈழத்தில் அந்தியேட்டியன்று நினைவு மலர் வெளியிடும் வழக்கம் பரவலானது. அவை ஆவணமாகவும் சேர்க்கப்படுகின்றன. ஆகவே நமக்கு இது அன்றாடச் சிக்கல். கிராஸ் ஃபீல்ட்ஸ் எல்லாப் புலத்திலும் அந்தச் சொல் எவ்வளவு அரிது என்பதைக் கலந்து பார்ப்பதால் இந்தத் திரிபு அடங்குகிறது. 2004இல் ராபர்ட்சன் உள்ளிட்டோர் முன்வைத்த பிஎம்25எஃப் இதே நோக்கத்தை இன்னும் ஒழுங்கான கணக்காக்கியது. எடையிட்ட, அதாவது முக்கியத்துவத்துக்கு எண் கொடுத்த, புலங்களை முதலில் சேர்த்து, பிறகு ஒரே தடவை புள்ளி போடும் முறை அது. எலாஸ்டிக்சேர்ச்சில் பின்னர் வந்த கம்பைன்ட் ஃபீல்ட்ஸ் அதன்மேல் எழுந்ததுதான்.

ஒரு நிபந்தனையை மறக்கக் கூடாது. சேர்த்துப் பார்க்கும் புலங்கள் எல்லாவற்றையும் ஒரே வகையில் சொற்களாகப் பகுத்திருக்க வேண்டும். தலைப்பை ஒரு பகுப்பானும் ஆசிரியரை இன்னொரு பகுப்பானும் கையாண்டால், எலாஸ்டிக்சேர்ச் அவற்றை இரு குழுக்களாகப் பிரித்துவிடும். சொற்கள் குழு தாண்டிக் கைகோக்காது. தமிழுக்கு வரும்போது இந்த நிபந்தனை பெரிதாகிறது.

ஒரு நூல் வரும், மற்றது வராது

அலுமாரியில் அருகருகே இருக்க வேண்டிய இரண்டு நூல்கள்: நடராசாவின் 'மட்டக்களப்பு மான்மியம்', வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964). 'மட்டக்களப்பு' என்று தேடுங்கள். சொற்களை இடைவெளியில் மட்டும் பிரிக்கும் தேடுபொறி முதல் நூலைத் தரும், இரண்டாவதைத் தராது. ஏனெனில் இரண்டாவது தலைப்பில் 'மட்டக்களப்பு' என்ற சொல்லே இல்லை. அங்கே இருப்பது 'மட்டக்களப்புத்'. மகரத்துக்கு முன் வல்லினம் மிகாது, தகரத்துக்கு முன் மிகும். புணர்ச்சி இலக்கணத்தைச் சரியாகப் பின்பற்றிய ஆசிரியர் தேடலில் காணாமல் போகிறார். மட்டக்களப்பில், மட்டக்களப்பின், மட்டக்களப்பிலிருந்து என்று வேற்றுமை ஏற்ற வடிவங்களுக்கும் இதே நிலை.

இதற்கு அடிச்சொல் பிரிப்பான் உண்டு. ஸ்னோபால் என்ற அடிச்சொல் பிரிப்பான்களின் தொகுப்பில் தமிழுக்கு ஒன்று இருக்கிறது, லூசீனிலும் தமிழ்ப் பகுப்பான் சேர்ந்திருக்கிறது. விகுதிகளை வெட்டி அடிச்சொல்லுக்குக் கொண்டுவர அது முயலும். ஆனால் ஆட்பெயரையும் ஊர்ப்பெயரையும்கூடத் தவறாக வெட்டிவிடக்கூடும். எனவே தலைப்பை ஒரு வடிவத்தில் மட்டும் வைக்காமல் மூன்று வடிவத்தில் சுட்டியில் ஏற்ற வேண்டும்: அச்சில் உள்ளபடியே ஒன்று, அடிச்சொல்லாக்கி ஒன்று, சொல்லின் முன்பகுதிகளாக வெட்டி ஒன்று. பிறகு மோஸ்ட் ஃபீல்ட்ஸ் என்ற முறையில் மூன்றின் புள்ளியையும் கூட்ட வேண்டும். அடிச்சொல் வடிவமும் முன்பகுதி வடிவமும் இரண்டு நூல்களையும் கொண்டுவந்து சேர்க்கும். உள்ளபடியான வடிவம் மிகச் சரியாகப் பொருந்தியதை மேலே தள்ளும். இங்கே கூட்டுவது நியாயம். மூன்றும் ஒரே தலைப்பின் சாட்சி, வெவ்வேறு புலங்களின் சாட்சி அல்ல.

எழுத்தளவில் இன்னொரு மறைவான சிக்கல். மேலே சொன்ன 'மௌனகுரு' என்ற பெயரை இருவகையாகத் தட்டச்சு செய்கிறார்கள். ஒருவர் மகரத்தோடு ஔகாரக் குறியைச் சேர்த்து 'மௌ' என்கிறார். இன்னொருவர் 'மெ' அடித்து அதன் பக்கத்தில் ளகரத்தை அடித்து 'மெள' என்கிறார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வேறு சொல். ஔகாரத்தை இரு குறிகளாகப் பிரித்து எழுதிய வடிவத்தை யூனிகோடின் சீராக்கம் சேர்த்துவிடும், ஆனால் ளகரம் தனி எழுத்து என்பதால் இதை அது தொடாது. கண்ணை மூடிக்கொண்டு 'ெள' வரும் இடத்தையெல்லாம் 'ௌ' ஆக்கினால் வெள்ளமும் தெளிவும் வெளியீடும் சிதைந்துவிடும். ளகரத்தின் மேல் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்றுவது அச்சுத் தமிழுக்குப் பெரும்பாலும் பொருந்தும். 'வெளக்கு' என்று பேச்சுவழக்கில் எழுதிய நாட்டார் பாடல் தொகுப்பில் அதுவும் தவறும். உள்ளபடியான வடிவத்தை ஒரு புலத்தில் பத்திரமாக வைக்கச் சொல்வது இதற்காகவும்தான். இந்த எழுத்துச் சீராக்கத்தை எல்லாப் புலங்களிலும் ஒரே மாதிரிச் செய்து, அந்தச் சீரான வடிவங்களின் மேல் கிராஸ் ஃபீல்ட்ஸை இயக்குங்கள். பெயர்களை வெட்டாமலும் இருக்கலாம், சொற்கள் புலம் தாண்டிச் சேரவும் செய்யும்.

பெயர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். விபுலாநந்தர், விபுலானந்தர், விபுலாநந்த அடிகள் ஆகிய எல்லாம் ஒருவரே. ஆசிரியர் புலத்துக்கு இவற்றை ஒருபொருட் சொல்லாகக் கொடுத்துவிடலாம். துறவுக்கு முன் அவர் பெயர் மயில்வாகனம். அதையும் இருவழியாக இணைத்தால், மயில்வாகனம் என்ற பெயருள்ள ஒவ்வொருவரும் அடிகளாகிவிடுவர். எனவே ஒருவழிப் பாதையாக, அதுவும் குறைந்த எடையோடு இணைக்க வேண்டும்.

எல்லைக்கோடு தேடலை வெட்டும் இடம்

பிரதேசம் என்று ஒரு தனிப் புலம் வைப்பது நல்லது. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில் எச்சரிக்கை தேவை. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிந்தது. கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் எல்லாம் அந்தப் பக்கம் போயின. அதற்கு முந்திய நூல் ஒவ்வொன்றிலும் இவை மட்டக்களப்புத்தான். எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் எழுதிய மட்டக்களப்பு மாவட்ட நூல் பேசுவது இன்றைய இரு மாவட்டங்களின் நிலத்தையும் சேர்த்துத்தான். பிரதேசப் புலத்தை வடிகட்டியாக வைத்து 'மாவட்டம்: மட்டக்களப்பு' என்று வினவினால், விபுலாநந்தர் பிறந்த ஊரே விடைக்கு வெளியே நிற்கும். 'அம்பாறை', 'அம்பாரை' என்று பெயரே இருவகையாக எழுதப்படுவதும் சேர்ந்துகொள்ளும்.

வடிகட்டி என்பது ஆம் அல்லது இல்லை. எடை என்பது கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய. வரலாற்றில் அசைந்த எல்லைகளுக்கு வடிகட்டி கூடாது, எடைதான் பொருந்தும். பிரதேசம் பொருந்தினால் புள்ளி கூடட்டும், பொருந்தாவிட்டால் நூல் காணாமல் போகாமல் இருக்கட்டும். வெளியீட்டாண்டு, மொழி போன்ற ஐயமில்லாத விவரங்களுக்கு மட்டும் வடிகட்டியை வையுங்கள். ஆங்கில நூலின் பதிவில் பிரதேசப் புலத்தைத் தமிழிலும் நிரப்பி வைத்தால், தமிழில் தேடுபவருக்குக் கனகரத்தினத்தின் நூலும் கிடைக்கும்.

எடையை யார் எழுதுவது?

மேலே சொன்னதையெல்லாம் சேர்த்தால் வினவல் இப்படி ஒரு வடிவம் பெறும் (^ குறிக்குப் பின் இருப்பது அந்தப் புலத்தின் எடை): தலைப்பு^5, ஆசிரியர்^4, நூல் வகை^3, பொருளடக்கம்^2, பிரதேசம்^2, வெளியீட்டாளர்^0.5. எல்லாச் சொல்லும் ஏதாவது ஒரு புலத்தில் வர வேண்டும். நான்கு சொல்லுக்கு மேல் இட்டால் ஒன்று தவறினாலும் பரவாயில்லை. 'கண்ணகி வழக்குரை' போலச் சொற்கள் அடுத்தடுத்து வந்தால் கூடுதல் புள்ளி. இந்த எண்கள் வேத வாக்கு அல்ல, தொடங்குவதற்கான இடம். நூல் வகைக்கு 3 என்று நான் வைத்ததற்குக் காரணம், நூலைக் கையில் எடுத்துப் பார்த்த ஒருவர் முடிவு செய்து எழுதிய விவரம் அது என்பதே. வெளியீட்டாளருக்கு 0.5 ஏன் என்று மேலே பார்த்தோம்.

எந்தத் தேடுபொறியும் இந்த எண்களைத் தானாகத் தருவதில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாப் புலத்துக்கும் 1. அதாவது, அச்சக ஊரும் நூலின் பொருளும் சமம் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். வடமோடிக் கூத்துக்கும் தென்மோடிக் கூத்துக்கும் வேறுபாடு தெரிந்த ஆசிரியரும், வாவியின் படுவான்கரைக் கிராமங்களின் பழைய பெயர்கள் தெரிந்த நூலகரும், வழக்குரை காவியம் பாடக் கேட்டு வளர்ந்தவரும் உட்கார்ந்து பேச வேண்டிய விடயம் இது. நிரல் எழுதுபவர் அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 'இந்தச் சொல்லை இட்டால் எந்த நூல் முதலில் வர வேண்டும்?' அப்படி ஐம்பது தேடல்களும் அவற்றுக்கு வரவேண்டிய நூல்களும் கொண்ட ஒரு பட்டியல் கையில் இருந்தால், எடையை மாற்றும்போதெல்லாம் முதல் பத்து விடைகளில் எத்தனை சரி என்று எண்ணிப் பார்க்கலாம். ஊகத்தில் எண் மாற்றுவது நிற்கும். கூத்துத் தேடலைத் திருத்தப் போய் ஊர் வரலாற்றுத் தேடலைக் கெடுத்துவிட்டோமா என்பதும் உடனே தெரியும்.

இதில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1978 நவம்பர் சூறாவளி, நீண்ட போர், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை என்று இந்தக் கிழக்குக் கரை அடுத்தடுத்து அடி வாங்கியது. வீடுகளோடு வீட்டிலிருந்த நூல்களும் ஏடுகளும் போயின. எஞ்சியவற்றைத் தேடிப்பிடித்து மின்வருடி, விவரம் தட்டச்சு செய்து ஏற்றியவர்களின் உழைப்பு பெரிது. அப்படிக் காப்பாற்றிய நூல், தேடல் விடையில் எண்பதாவது இடத்தில் கிடந்தால் படிப்பவருக்கு அது இல்லாத நூல்தான். அவர் முதல் பக்கத்தைப் பார்ப்பார், 'இதைப் பற்றி ஒன்றும் எழுதப்படவில்லை' என்று முடிவு கட்டுவார், தன் ஆய்வேட்டிலும் அப்படியே எழுதுவார். பாதுகாப்பதன் கடைசிப் படி தேடிக் கிடைக்கச் செய்வது. அந்தப் படியில் நம் மண்ணை அறிந்தவர்களின் தீர்ப்பு ஆறு எண்களாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

பாடசாலை நூலகமோ ஊர் வாசிகசாலையோ பட்டியலைக் கணினியில் ஏற்றும் வேலையில் இருந்தால், இன்றே செய்யக்கூடியவை மூன்று. வெளியீட்டாளரின் பெயரையும் ஊரையும் தனித்தனிப் புலமாக வையுங்கள். நூல் பேசும் ஊருக்கு இன்னொரு புலம் வையுங்கள், அதில் பழைய மாவட்டத்தையும் இன்றைய மாவட்டத்தையும் சேர்த்து நிரப்புங்கள். பொருளடக்கத்தைச் சோம்பாமல் தட்டச்சு செய்யுங்கள். தேடுபொறி பிறகு எத்தனை தடவை மாறினாலும் இந்த மூன்றின் பயன் குறையாது. எடைகளை எப்போதும் திருத்தலாம். கலந்துபோன பதிவைத் திருத்த நூலை மறுபடி கையில் எடுக்க வேண்டும், அந்த நூல் அப்போது இருக்க வேண்டும்.

அடுத்த வாரம்: 'மீன்பாடும் தேன்நாடு', 'மீன் பாடும் தேனாடு' – சேர்த்தும் பிரித்தும் எழுதிய தமிழைத் தேடுபொறி எப்படி ஒன்றாகப் படிக்கும்?